கொடிக்கால் கேட்ட தண்ணீர்

கண்ணுச்சாமி மதுரை ஆஸ்பத்திரியில் செத்தது சிறுநீரகம் கெட்டு. கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. கடைசியில் அவர் கேட்டதெல்லாம் தண்ணீர். கொடுத்தால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும் என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தார். மனைவி சுந்தரம்மாள் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றியதோடு சரி. கேட்டபடியே போய்விட்டார்.

சோழவந்தானில் அடுத்தவர் கொடிக்கால்களில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியே பாதி வயதைக் கழித்தவள் சுந்தரம்மாள். இருவருமாகக் குத்தகைக்குப் பிடித்த இந்தத் துண்டு நிலத்தைத்தான் முதன்முதலில் ‘நம்ம கொடிக்கால்’ என்று சொன்னார்கள். ஒவ்வொரு கொடியையும் அகத்தி மரத்தில் ஏற்றிக் கட்டியது கண்ணுச்சாமியின் கை.

கருமாதி முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், செருப்பை வரப்பில் கழற்றிவிட்டுக் கொடிக்காலுக்குள் நுழைந்தாள்.

“தண்ணி தா, சுந்தரம்.”

கொடிகளுக்குள்ளிருந்து, ஆஸ்பத்திரியில் கேட்ட அவருடைய அதே வறண்ட குரல். ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்ததில் பார்க்க ஆளில்லாமல் மேற்கு வரிசை துவண்டு தொங்கியது. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டாள். குரல் அடங்கியது. அதிலிருந்து பொழுது சாய்ந்தால் குரல் வரும், அவள் திறப்பாள். தெளிந்த இலைகள் மறுபடி வாடின. வாட வாட இன்னும் விட்டாள்.

“என்னக்கா, கொடிக்கால்ல கெண்டை வளக்குறீகளா?” என்று அடுத்த கொடிக்கால் வெள்ளைத்துரை சிரித்தான்.

“ஆமா, ஒனக்குக் கொழம்பு வைக்க. போடா.”

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கும் ஷெரின் டீச்சர், செய்முறை வகுப்புக்கு வெற்றிலை வேர் கேட்டு வந்தாள். வாடிய கொடி ஒன்றைச் சுந்தரம்மாள் இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. வேரின் சதை வழவழவென்று உரிந்து, நடு நரம்பு மட்டும் நூலாக நின்றது. பிணவாடை அடித்தது.

டீச்சர் கிழக்கு வரிசையிலிருந்து ஒரு நல்ல வேரையும் எடுத்து, இரண்டையும் பிளேடால் குறுக்கே சீவி லென்சைக் கொடுத்தாள்.

“நல்லதப் பாருங்கக்கா. வெளிய தோல், அடுத்தது சதை. அதுக்குள்ள காத்து நிக்க இண்டு இடுக்கு. அதுக்கும் உள்ள ஒரு வளையம், வாசல்ல நிக்கிற காவக்காரன் மாதிரி. எதை விடணும், எதை விடக் கூடாதுன்னு அது பாத்துக்கும். நடுவுல இருக்க குழாய்தான் தண்ணிய மேல ஏத்துது. இப்ப இதப் பாருங்க. காத்தில்லாமச் சதை செத்து, பூஞ்சை ஏறி, குழாயே அடைஞ்சு போச்சு. எம்புட்டு ஊத்தினாலும் எலைக்குப் போகாது.”

“தாகத்துலதான டீச்சர் வாடுது?”

“எலைக்குத் தாகந்தான். வேருக்கு மூச்சு முட்டுது. இன்னும் ஊத்துனா மிச்சக் கொடியும் போயிரும்.”

சுந்தரம்மாள் லென்சைத் திருப்பிக் கொடுத்தாள். மூச்சு முட்டும்: நர்ஸ் சொன்ன அதே வார்த்தை.

மறுநாள் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டு வடிகால் வெட்டினாள். கண்ணுச்சாமி கட்டிய மேற்கு வரிசையை வேரோடு பிடுங்கி எரித்தாள். மற்றவை பச்சையாக நின்றன.

பொழுது சாய்ந்தது.

“தண்ணி தா, சுந்தரம்.”

கை தானாக மடைக்குப் போனது. குழி விழுந்த அந்தக் கால்களை நினைத்துக்கொண்டாள். ஒரு கூடை மண்ணை அள்ளி மடையில் கொட்டி மிதித்தாள்.

“அப்பவும் தரல. இப்பவும் தர மாட்டேன்யா.”

குரல் நிற்கவில்லை. இருட்டும்வரை வரப்பில் உட்கார்ந்து, அது தண்ணீர் கேட்கக் கேட்க, அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.