விரல் நீட்டிய பிஞ்சுகள்

1. வெம்பியவை

அன்றைக்குக் காலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் வகுப்புக்குள் வரவில்லை. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், பூசணிக் கொடியைச் சுற்றி மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். முந்தின நாள் நாங்கள் எண்ணிய பிஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகி, நுனி கறுத்துத் தொங்கின. ஒன்றைத் தொட்டேன். கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது.

அவனியாபுரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது இது. விதை முளைத்துக் காயாவதைப் புத்தகத்துப் படத்தில் காட்டுவானேன், மண்ணிலேயே காட்டலாமே என்று, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் மஞ்சள் பூசணி விதையை ஊன்றச் சொன்னேன். கொடி சுவரேறியது. பிஞ்சு விட்டதும் கணக்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று ஆசை வந்தது. "வெரல நீட்டி ஒவ்வொண்ணா எண்ணுங்க" என்றேன்.

சமையல் செய்யும் சரசக்கா கரண்டியோடு ஓடி வந்தார். "டீச்சர், பூசணிப் பிஞ்ச வெரல நீட்டிக் காட்டக் கூடாது. வெம்பிரும். மடக்கிக் காட்டச் சொல்லுங்க."

"சும்மா இருங்கக்கா, பிள்ளைக முன்னாடி இதையெல்லாம் சொல்லிக்கிட்டு" என்று எரிந்து விழுந்தேன். மறுநாள் இந்தக் கதி. சரசக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுத்தைக் காட்டச் சொன்னால்கூடப் பிள்ளைகள் விரலை மடக்கி முட்டியால் காட்டினார்கள். வகுப்பு முழுக்க மடக்கிய விரல்கள். பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

2. யாழினி

யாழினி என்ற பிள்ளை மட்டும் வலது கையை இறுக்கி மூடியே வைத்திருந்தாள். பென்சிலைத் தொடவில்லை. மதியச் சோற்றை இடது கையால் சாப்பிட்டாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பாவை வரச்சொல்லிக் கேட்டேன்.

"வீட்லயும் இப்பிடித்தான் இருக்கா டீச்சர். இவ தம்பி கொறமாசத்துல பொறந்து, ஆஸ்பத்திரில கண்ணாடிப் பொட்டிக்குள்ள கெடக்கான். அந்த ஓட்டத்துல நாங்க இவளக் கவனிக்கல" என்றார். கண் சிவந்திருந்தது. தூங்கி எத்தனை நாளோ.

அவர் போனபின் யாழினியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கையில என்னடா கண்ணு?" என்று கேட்டேன். என் காதில் சொன்னாள். "அப்பா என்னயத் தூக்கிக் காமிச்சாங்க டீச்சர். நான் கண்ணாடி வழியா வெரல நீட்டி, அதான் எங்க பாப்பாவான்னு கேட்டுட்டேன்."

மூடிய கையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பாவும் மஞ்சளா இருக்கு டீச்சர்" என்றாள்.

குறைமாதக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருவது வழக்கம்தான். மூடிய அந்தக் கையை என் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டேன்.

3. பூவோடு பூ

மறுநாள் பள்ளி திறப்பதற்கு முன்பே கொடிப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அம்புட்டுப் பூவும் விரிந்திருந்தது. ஒரு தேனீ இல்லை, ஒரு வண்டு இல்லை. பக்கத்து விமான நிலையத்தில் விமானம் இறங்கும் சத்தம் ஓய்ந்தால் ரீங்காரம் என்று ஒன்று காதில் விழவே இல்லை. அத்தனை பூவுக்கு நடுவில் அந்த அமைதி பயமாக இருந்தது.

ஆனால் விஷயம் அங்கேதான் இருந்தது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவுக்கு அடியில் பிஞ்சு முதலிலேயே இருக்கும். ஆண்பூவின் மகரந்தம் வந்து சேராவிட்டால் அது வெம்பி விழும். கொண்டுவந்து சேர்க்கத்தான் அங்கே யாரும் இல்லையே.

பிள்ளைகளைக் கூட்டி இதைச் சொன்னேன். ஆண்பூவைப் பறித்து இதழைக் கிள்ளி, "யாழினி, ஒன் வெரலால இந்தப் பொடியத் தொட்டு அந்தப் பூவுக்குள்ள வையி" என்றேன். மெதுவாகக் கையைத் திறந்தாள். மூடியே கிடந்து உள்ளங்கை வெளுத்து ஊறிப்போயிருந்தது. மஞ்சள் மகரந்தத்தைத் தொட்டு வைத்தாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் வெம்பினால்? அறிவியல் பேசிய நானே சாயங்காலம் அந்தப் பிஞ்சைத் தாண்டும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன்.

பிஞ்சு நின்றது, பருத்தது. சரசக்காவுக்கு ஒரே பூரிப்பு. "இந்தப் பிள்ளைக்குக் கைராசி டீச்சர். அந்தப் பாப்பாவப் போயி தொடச் சொல்லுங்க, பொழைச்சுக்கும்."

யாழினி அதைக் கேட்டுவிட்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு முன்னைவிடப் பயம் வந்தது. கொல்லும் விரல் போய்ப் பிழைக்கவைக்கும் விரல் வந்துவிட்டது. பாப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் என்ன ஆவாள்?

அதனால் வகுப்பையே மகரந்தம் வைக்கச் சொன்னேன். சரசக்காவையும் விடவில்லை. சில பிஞ்சுகள் நின்றன, சில விழுந்தன. யாழினி வைத்ததிலும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் "ஏன் டீச்சர்?" என்று கேட்பாள். "நீ நல்லாத்தான் வச்ச. கொடியால எல்லாத்தையும் தாங்க முடியாது. யாரு மேலயும் தப்பில்ல" என்று நானும் அலுக்காமல் சொல்வேன்.

செடிப் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். காய்ப்பதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். விழுவதையும் சொல்லிக்கொடுங்கள். எந்தப் பிள்ளைக்கு அது எப்போது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

பாப்பா வீட்டுக்கு வரவில்லை.

யாழினி மறுபடி பள்ளிக்கு வந்த காலையில் கொடிக்குக் கீழே ஒரு பிஞ்சு விழுந்து கிடந்தது. "எவன்டா வெரல நீட்டுனது?" என்று பையன்கள் ஒருவன் கையை ஒருவன் பார்த்தார்கள். யாழினி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஆள்காட்டி விரலை நேராக நீட்டி அந்தப் பிஞ்சைக் காட்டினாள்.

"யாரும் ஒண்ணும் செய்யல. அதால நிக்க முடியல, விழுந்துருச்சு" என்றாள்.