ஓல்டடியில் ரயில் நின்றது

சென்ற வியாழக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் பாரைக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோது இரத்தினத்தின் மகள் போன் எடுத்தாள். "அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்" என்றாள். மீனை விட்டுவிட்டு நடந்தேன். எண்பத்திரண்டு வயது, நித்திரையிலேயே போயிருக்கிறார். நல்ல சாவுதான். என்றாலும் எனக்கு அவரில் கோபம் வந்தது. அவருக்குக் கொடுத்த வாக்கை நான் இன்னும் காப்பாற்றவில்லை, அதற்குள் அவசரப்பட்டுவிட்டார்.

இரத்தினமும் நானும் கொழும்புக் கோட்டையில் ஒரே கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்தோம். எங்களோடு கரையோர ரயிலில் வந்துபோனவர்களுக்குத் தெரியும், கடற்கரைக்குப் போகும் எங்கள் சின்ன ஒழுங்கையைத் தாண்டும்போது ஜன்னலால் கையை நீட்டுவார். "இதிலையும் ஒரு ஸ்டேசன் இருந்தது, ஐசே. அப்பா சொன்னவர்." அங்கே கல்லும் தாழையும்தான் இருந்தன. நாங்கள் சிரிப்போம். "கொஞ்சக் காலம்தான். அடுத்த ஸ்டேசன் நல்ல கிட்ட. ரயில் ஓட வெளிக்கிட முதலே பிரேக் பிடிக்க வேணும். அதாலதான் மூடினவங்கள்" என்பார்.

ஒழுங்கையின் கடற்கரை முனையைப் பழைய ஆட்கள் 'ஓல்டடி' என்பார்கள். ஊர் மலர் ஒன்றுக்குக் கட்டுரை எழுதியபோது, ஓல்ட் என்றால் பழைய, அடி என்றால் அருகு, ஆகவே ஏதோ பழைய கட்டடம் இருந்திருக்க வேண்டும் என்று பண்டிதர்போல் விளக்கினேன். ரயில் நிலையம் வெறும் கட்டுக்கதை என்றும் சேர்த்தேன். இரத்தினம் இரண்டு கிழமை வேறு பெட்டியில் ஏறினார். பிறகு வந்து, "நீர் என்னைப் பகிடி பண்ணும், பரவாயில்லை. இருந்த ஸ்டேசனை இல்லையெண்டு அச்சடிக்கக் கூடாது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையோடு ரஹ்மத்தும்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒழுங்கையில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். "எங்கட வாப்பா அந்த ஹோல்டில எறங்கித்தான் வருவாரு. ரயில் சத்தம் கேட்டாத்தான் உம்மா தேத்தண்ணி வெப்பா" என்றார் அந்த அம்மா.

ஹோல்ட்! 'Halt' என்ற ஆங்கிலச் சொல்; ரயில் நின்றுபோகும் சின்ன நிலையத்துக்கு இங்கே எல்லாரும் சொல்லும் பெயர். எங்கள் யாழ்ப்பாணத்து வாயில் 'ஹ' உதிர்ந்துபோய் ஹோல்டடி ஓல்டடியாகியிருக்கிறது. இரத்தினத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறது கேள்விப்பட்டிருக்கிறன். நீர் ஒரு ஸ்டேசனையே மறைச்சுப்போட்டீர்!"

அடுத்த மலரில் திருத்தம் போடுவதாகச் சொன்னேன். அடுத்த மலர் வரவேயில்லை. காணும்போதெல்லாம் "திருத்தம் எங்க, ஐசே?" என்பார், சுகம் விசாரிப்பதுபோல. போன மாதமும் கேட்டார். "கெதியாப் போடும். வாசிச்சுப்போட்டுப் போறன்." வாசிக்காமலே போய்விட்டார், அது எனக்கு மனவருத்தம்தான். மற்றப்படி, குறையில்லாமல் வாழ்ந்த மனிதர்.

இப்போது போடுகிறேன். நான் எழுதியது பிழை. எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு ரயில் நிலையம் இருந்தது. இரத்தினம் சொன்னது சரி.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த 'ஹ'தான். ஓட்டோவில் ஏறினால் "ஹோல்டடி" என்று அழுத்தித்தான் சொல்கிறேன். ஓட்டுபவருக்கு விளங்குவதில்லை. 'மல்லி' என்று தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டு, இதிலே முந்தி ஒரு ஸ்டேசன் இருந்தது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்குகிறேன். வீடு வந்த பிறகும் இறங்காமல் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.