நான்காம் அறையில் முரியல்

லூசியன் வாஷோனுக்கு எழுபத்திரண்டு வயது. ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் நவீனக் கலைக்கூடத்தில், திறந்த நாளிலிருந்து காவலர். அதற்கு முன்னால் இதே கட்டடம் ஷூ தொழிற்சாலையாக இருந்தது. இப்போது நான்காம் அறை என்கிறார்களே, அங்கேதான் நின்று தோல் வெட்டினார். "சீருடை மட்டும்தான் மாறிச்சு, வலிக்கிற கால் அதேதான்" என்பார்.

நான் க்ளாரிஸ். வாசலில் வருகிறவர்களின் மேல்கோட்டு, பைகளை வாங்கி வைக்கிறவள். லூசியனின் மனைவி முரியலும் நானும் அந்தத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஷூ தைத்தோம். அவள் சிரித்தால் எனக்குத் தையல் கோணும். திட்டு எனக்குத்தான் விழும்.

கலைக்கூடம் திறந்த வருஷம் நியூயார்க்கிலிருந்து ஒரு சிற்பி வந்தான். தொழிற்சாலையில் வேலை போன பன்னிரண்டு பேரின் தலையை மெழுகில் வார்த்தான். ஒவ்வொரு உச்சந்தலையிலும் ஒரு திரி. கலைக்கூடத்துக்கு இருபத்தைந்து வயதாகும்போது எல்லாத் திரிகளையும் ஏற்றி, உருகித் தீரும்வரை எரியவிட வேண்டும். அதுதான் படைப்பாம். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அச்செடுக்க முகம் முழுக்க மாவு பூசி, மூச்சுக்கு மூக்கில் ஸ்ட்ராவைச் செருகிக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை, போகவில்லை. முரியல் போனாள்.

"இருபத்தஞ்சு வருஷத்துல நானே கெழவி ஆயிடுவேன். இந்த மூஞ்சி எரிஞ்சா எனக்கென்னடி, வேற ஒண்ணு வாங்கிக்கறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பூசிய மாவு காய்வதற்குள் சிரித்துவிட்டதால் அச்சை இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டாவதிலும் இடது உதட்டோரம் கொஞ்சம் மேலே ஏறித்தான் இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. பிள்ளை குட்டி இல்லை. கேமராவைக் கண்டால் அவள் கை தானாக முகத்துக்குப் போய்விடும். கல்யாணப் படம் ஒன்றைத் தவிர அவர்கள் ஆல்பம் முழுக்க முரியலின் உள்ளங்கைதான். அவள் முகம் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது நான்காம் அறையின் அந்த மெழுகுத் தலை ஒன்றுதான்.

தினமும் காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் லூசியன் அதன் எதிரில் போய் நின்று, "வந்துட்டேன் முரியல்" என்பார். தொடமாட்டார். "கைச்சூடு பட்டா மெழுகு இளகிடும், தொடாதீங்க" என்று ஆயிரம் பேரைத் தடுத்த மனுஷன், தன் கையையும் சேர்த்தே தடுத்துக்கொண்டார். அந்த நேர்மையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எரிக்கிற நாள் வரும் என்பதை அவர் நம்பவேயில்லை. சிற்பி செத்துப்போனான், தலைகளின் விலை எங்கேயோ ஏறிவிட்டது. இதைப் போய் யார் கொளுத்துவார்கள் என்று இருந்துவிட்டார்.

போன இலையுதிர் காலத்தில் கலைக்கூடத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வருஷத்துக்கு நாலு தடவை ஊர் முழுக்க நன்கொடை கேட்டு எழுதுவார்கள், அங்கே வேலை செய்கிற எங்களையும் விடமாட்டார்கள். லூசியன் உறையைப் பிரிக்காமல் என் மேஜைக்கு எடுத்து வந்தார்.

"இருபத்தஞ்சாம் ஆண்டு விழான்னு மேல போட்டிருக்கு. பிரிச்சுப் பாக்கவா?"

"என்னத்தப் பாக்கப் போற? பிச்சைப் பாத்திரத்துக்குத் தங்க முலாம் பூசியிருப்பாங்க. இங்க குடு."

நான்தான் வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது அவர்.

மே மாதம் ஊழியர் கூட்டத்தில் இயக்குநர் மெரடித் விழா விவரம் சொன்னாள். ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை ஒன்பது தலைகளையும் ஏற்றுகிறோம், ஆறு நாள் எரியும் என்றாள்.

"ஒம்பதா? பன்னெண்டு இல்ல?" என்று கேட்டார் லூசியன்.

"மூணு தலையை அந்தந்தக் குடும்பத்துக்கே குடுத்துட்டோமே லூசியன். லெட்டர் போட்டோமே. இறந்துபோனவங்க வீட்டுல கேட்டா குடுக்கலாம், ஆனா முதல்ல கேக்கற மூணு பேருக்கு மட்டும்னு சிற்பியோட வாரிசுங்க ஒத்துக்கிட்டாங்க. நீங்க கேக்கல. எரியறதுதான் உங்களுக்கும் விருப்பம்னு நெனச்சுட்டேன். தினமும் அது பக்கத்துலயே நிக்கறவர்கிட்ட நான் எப்படிங்க வாய் விட்டுக் கேக்கறது?"

லூசியன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் என் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மெரடித்தைக் குறை சொல்ல முடியாது. லூசியனுக்காகச் சிற்பியின் வாரிசுகளுக்கு இரண்டு தடவை போன் செய்தாள், எழுதியும் போட்டாள். ஒன்பதுக்கு ஒன்று குறைந்தாலும் அது அந்தப் படைப்பே இல்லை என்று வக்கீலிடமிருந்து பதில் வந்தது.

"தூக்கிட்டு வந்துடு. பைங்களுக்கு நடுவுல மறைச்சுடறேன். இருபத்தஞ்சு வருஷமா நீதான காவல்? உன்னை யாரு சந்தேகப்படப் போறா?" என்றேன்.

"அதனாலதான் முடியாது க்ளாரிஸ்."

"அப்ப லீவாவது போட்டுத் தொலையேன்யா!"

"எட்டு மாசம் படுக்கையில கெடந்தா, ஒரு நாள் அவள விட்டு நகரல. இது ஆறு நாள்தான."

திங்கட்கிழமை கேக் வெட்டினார்கள், பாண்டு வாசித்தார்கள், மேயர் பேசினார். முதல் திரியேற்றத்தை அவர்கள் செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் மாலையில் அணைப்பதும் காலையில் ஏற்றுவதும் அறைக் காவலர் வேலை. முரியலை நாங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணில் புதைத்தோம். புதைத்தவளுக்கு ஒன்பது வருஷம் கழித்துப் புருஷன் கையாலேயே தினம் தினம் தீ வைக்கும்படி செய்துவிட்டேன், பாவி நான்.

முதல் நாள் கூந்தல் இறங்கியது. புதன்கிழமை நெற்றியும் புருவமும் போயின. கண்கள் வியாழக்கிழமை. ஜனங்கள் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு, "எவ்வளவு அழகு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். லூசியன் தலைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே கைகட்டி நின்று, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவரைக் காப்பிக்குக் கூப்பிட மேலே போனேன். மூக்கும் போய்விட்டிருந்தது. கன்னம், மோவாய், வாய் மட்டும் மிச்சம். அந்த இடது உதட்டோரம் இன்னும் மேலே ஏறியபடியே இருந்தது. அறையில் எங்களைத் தவிர, சுவரில் இருந்த விவரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர்ப் பெண்மணி மட்டும்தான்.

லூசியன் கயிற்றைத் தூக்கி உள்ளே போனார். கையை நீட்டி முரியலின் கன்னத்தில் வைத்தார்.

"சூடா இருக்கு க்ளாரிஸ்" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த நொடி மெழுகு உள்வாங்கியது. கன்னம் அப்படியே அமுங்கி, உதட்டோரம் அவர் கட்டைவிரலோடு பிய்ந்து வந்துவிட்டது. அவர் பதறிக் கையை எடுத்தார். அங்கே முரியல் இல்லை. ஐந்து நாள் எரிந்தும் போகாத சிரிப்பு, அவர் கை பட்டதும் போய்விட்டது.

"ஐயோ, நானே..." என்றார்.

அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள். "சார், அதைத் தொடக்கூடாது. இங்க எழுதியிருக்கு பாருங்க" என்றாள்.

"ஆமாங்க, மன்னிச்சிடுங்க" என்றார் லூசியன்.

விரலில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டி, கீழே இருந்த தட்டிலேயே போட்டுவிட்டு வெளியே வந்து கயிற்றை மாட்டினார். வழிகிற மெழுகில் ஒரு துளிகூட யாரும் எடுத்துப் போகக்கூடாது என்று சிற்பி அன்றைக்குக் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் இருக்கிறது, முரியலின் கையெழுத்துக்கு நேர் மேலே.