மூணு கிலோ அரிசிப் பை

இன்னிக்குச் சாயங்காலம் ஒரகடம் மளிகைக் கடையில், என் எட்டு வயசு மகள் மூணு கிலோ அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தாள்.

கம்பெனி யூனிஃபார்மில் நின்ற ஒரு அக்கா என்னை முறைத்தார்.
"இன்னாம்மா, கொழந்தய தூக்க வெச்சிட்டு நீ கைய வீசிகினு வர்ற?"

எனக்குப் படபடத்தது. லாரி ஹாரன் கேட்டாலே இவள் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள், கனமாக எதையாவது தூக்கினால் உடம்பு அடங்கும் என்று தெரபிஸ்ட் சொன்னதைத் திணறித் திணறிச் சொன்னேன்.

அக்கா மகளின் கையிலிருந்த பையையே பார்த்தார்.
"நான் கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் லைன்ல கீறேன். வூட்டுக்குப் போனாலும் அந்தச் சத்தம் காதுலயே நிக்குது. ஒரு எடத்துல உக்கார முடியல."
பிறகு மகளிடம் கை நீட்டினார். "குடு, நானும் தூக்கிப் பாக்குறேன்."

"நீங்க வேற வாங்கிக்கோங்க" என்றாள் இவள்.

அவரும் ஒரு அரிசிப் பை வாங்கினார். மாரோடு அணைத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. தண்ணி கேனைத் தூக்கிக்கொண்டு ஹாலில் ரெண்டு சுற்று வந்தாச்சு.

நீங்கள்லாம் எதைத் தூக்குறீங்க?