கம்பவுண்டரின் ஜெபமும் ஜீப்பில் ஓர் இடமும்

நோயாளிகளின் விவரங்களை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று காவல் காப்பது என் வேலை. எல்லாம் அமைதியாக இருக்கும்போதுதான் இதில் பயமே. சித்திரபுரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே மலையில் உள்ள எஸ்டேட் டிஸ்பென்சரிகளைக் கவனிக்கிறேன். விவரமெல்லாம் கிளவுடில், அதாவது கண்காணாத ஊரில் யாருடைய கம்ப்யூட்டரிலோ. திட்டு மட்டும் உள்ளூரிலேயே கிடைக்கும். இதே பொழப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

ஆளுக்கொரு லாகின்

உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட டிஸ்பென்சரி. அங்கே நர்ஸ் மெர்சி சிஸ்டர். காலையில் அவர் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்தால் டாக்டர், கம்பவுண்டர் எல்லாரும் சாயங்காலம் வரை அதிலேயே புழங்குவார்கள். மழை பிடித்தால் நெட் போய்விடும், வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது என்பது அவர்கள் நியாயம். யார் எதைத் திறந்தாலும் என் பதிவில் சிஸ்டர் பேர்தான் விழும். அந்தம்மா வேளாங்கண்ணிக்குப் போயிருந்த அன்றும், பதிவுப்படி, இங்கே ஊர்க்காரர்களின் சர்க்கரையையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொறுக்க முடியாமல் ஆளுக்கொரு லாகின் கொடுத்தேன். அவரவர் வேலைக்கு எது வேண்டுமோ அது மட்டும் தெரியும். கம்பவுண்டருக்கு மருந்துச் சீட்டு மட்டும். சிஸ்டருக்கு மனசு தாங்கவில்லை. “ஒரே குடும்பமா இருந்தோம். ஏம்பிள்ளே இப்படி ஆளுக்கொரு அடுப்பு வச்சுக் குடுக்கே?”

ஞாயிற்றுக்கிழமை

அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிற ராணியக்கா ஏலக்காய் பறிப்பவர். அவருக்கு டிபி. மகளிடம்கூடச் சொல்லாமல் மருந்து சாப்பிட்டார். மருந்து நன்றாகப் பிடித்துவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் எழுதிவிட்டார்.

திங்கட்கிழமை போவதாக இருந்தார். ஞாயிறு ஆராதனையில் அவர் பேரும் நோயும் சபைக்கு முன்னால் ஜெபத்தில் வந்துவிட்டது. தூரத்து ஏலக்காட்டுக்கு மடிமேல் மடியாக ஆளை ஏற்றிப்போகிற ஜீப்பில் மறுநாள் அவருக்கு மட்டும் இடமில்லை. ஜீப் இல்லையென்றால் வேலை இல்லை. சிஸ்டரிடம் நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட்டார். அழவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “ஜெபம் பண்ணுனவங்கதாம்மா இடமில்லைங்காங்க.”

எல்லாம் சரி

பதறிப்போய்ப் பதிவைப் பார்த்தேன். ராணியக்காவின் விவரத்தைத் திறந்தது மூன்றே பேர்: டாக்டர், சிஸ்டர், கம்பவுண்டர். மூவருக்கும் அனுமதி உண்டு. திருட்டு இல்லை, ஓட்டை இல்லை. சபையில் ஜெபம் நடத்துவது கம்பவுண்டர் ஸ்டீபன் அண்ணன். மருந்துப் பேரே நோயைச் சொல்லிவிடும். தொற்றாது என்று டாக்டர் எழுதியதோ நான் அவருக்கு மறைத்த பக்கத்தில் இருந்தது.

போனில் கத்திவிட்டேன். அவர் மறுக்கவே இல்லை, ரொம்ப வருத்தப்பட்டார். “பேர் சொல்லாம ஜெபிச்சா, எந்த ராணின்னு ஆண்டவருக்குத் தெரிய வேண்டாமா மேடம்?”

வாய்ப்பூட்டு

நோயாளி சம்மதிக்காமல் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். நன்றாகவே பிடித்துக்கொண்டார். டாக்டர் எழுதியதை அதே சபையில் சொல்லச் சொல்லி ராணியக்கா போய் நின்றால், “அது ரகசியம், மேடம் ஏசுவாங்க” என்று கதவைச் சாத்திவிட்டார். ராணியக்கா மறுபடி எனக்குப் போன் போட்டார். “நோவைச் சொல்ல வாய் இருந்துச்சு. சொகத்தைச் சொல்லத்தான் சட்டம் குறுக்க வருதோ?”

மறு திங்கள்

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராணியக்காவின் சம்மதம் இருந்தால் போதும் என்று ஸ்டீபன் அண்ணனுக்கு நானே விளக்கினேன். அந்த ஞாயிறே சபையில் பேர் சொல்லி, தொற்றாது என்று அறிவித்தார். திங்கள் காலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ ஆறிப்போனது. ஒரு காரியமும் இல்லாமல் பதிவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஜீப் இரைச்சலுக்கு நடுவே போன் வந்தது. “இடம் குடுத்துட்டாங்கம்மா, கதவோரத்துல. சாரல்ல பாதி நனைஞ்சுட்டேன், ஆனா வேலைக்குப் போறேன்.”

அன்றும் என் பதிவில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிற பழக்கம்தான் எனக்கு விட்டுப்போனது.