சவரிமுத்து அசையவில்லை

போன ஞாயிறு மத்தியானம் ஒரு சினிமாவுக்குப் போய்ப் பயந்துவிட்டு வந்தேன். பேய்ப் படம் இல்லை. பாட்டு, சண்டை, வசனம் — எதுவுமே இல்லை. பத்து நிமிஷ ஊமைப்படம்.

எடுத்தவன் அமலதாஸ். மதராஸில் ஸ்டூடியோ வேலை. பரிசோதனைப் படமாம்! திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு கூடத்தின் ஜன்னல்களை ஜமுக்காளத்தால் மூடி, தெருக்காரர்களை உட்காரவைத்து ஓட்டினான். எனக்கு எப்போதும் கடைசி பெஞ்சுதான். பக்கத்தில் எதிர்வீட்டு ஆரோக்கியம். அமலதாஸின் சித்தப்பா மகள். அவள் புருஷனுக்கு வீட்டில் மதியத் தூக்கம்.

திரையில் ஆரோக்கியத்தின் பிறந்த வீடு, கன்னிவாடியில். வாசலில் நாற்காலி. அதில் ஆரோக்கியத்தின் அப்பா சவரிமுத்து. வெள்ளை வேட்டி, பாதி மூடிய கண். அவ்வளவுதான்... ஆள் அசையவில்லை. கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் ஒரே போட்டோதான். அதுவும் உயிர் போன பிறகு, குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து எடுப்பது. "ஆண்டவரே..." என்று முன்வரிசை அம்மாள் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆரோக்கியம் எழுந்தாள். "அண்ணே, எங்கப்பா எப்பப் போனாரு?"

அமலதாஸ் மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்தான். "ஐயோ தாயி, சித்தப்பா நல்லா இருக்காரு! நாந்தான் செத்த நேரம் அசையாம இருங்கன்னு சொன்னேன்."

"எங்கம்மா செத்தப்பவும் நல்லா இருக்காங்கன்னுதான சொன்ன? அதுக்குத்தான் படம் பாக்க வான்னு கூப்பிட்டியா?"

கட்டிக்கொடுத்த பெண்ணிடம் சாவுச் செய்தியை நாம் யார் நேரே சொல்கிறோம்? 'லேசா காய்ச்சல், வந்து பாத்துட்டுப் போ' என்போம். கேட்கிறவள் பிறகு எந்தக் காய்ச்சலைத்தான் நம்புவாள்?

வீட்டுக்குக்கூடப் போகாமல் கன்னிவாடி பஸ் ஏறிவிட்டாள். கூடவே நானும் அமலதாஸும். வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அந்த ஈதான் கண்ணில் நின்றது. படம் எடுத்தது போன மாதம். இன்றைக்கு என்ன ஆனதோ, யார் கண்டார்கள்?

சவரிமுத்து தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்!

எனக்கு மூச்சு வந்தது. அவருக்கு நின்றுவிட்டது. தலை கலைந்து, அழுதுகொண்டே ஓடிவரும் மகள்... பின்னால் இரண்டு ஆண்கள். மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

"மாப்பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒன்னும் ஆகலப்பா. அவரு நல்லா இருக்காரு."

அடுத்த பஸ்ஸில், மாப்பிள்ளையை நேரில் பார்க்க, நால்வருமாகத் திண்டுக்கல் திரும்பினோம்.