மடிப்பிச்சையும் அரிசி வேனும்

என் மகள் அந்தப் பெண்ணின் கையால் இட்லி சாப்பிட்டதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் கொண்டுபோயிருந்த சோற்று டப்பாவை மூடி வைத்தேன்.

குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு எடை ஏறவே இல்லை. செங்கல்பட்டில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த டாக்டர், எடை அட்டையில் ஏறாமல் படுத்துக்கிடந்த கோட்டைப் பேனாவால் தட்டி, "அடுத்த தடவையும் ஏறலைன்னா மெட்ராஸ்ல அட்மிட் பண்ணி எல்லா டெஸ்டும் எடுத்துடலாம்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை. தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டேனோ? நெய் அதிகம் விட்டுத் திகட்ட வைத்துவிட்டேனோ? பருப்பையும் சோற்றையும் மிக்சியில் ஓட்டிக் கொடுத்ததால் மெல்லவே கற்றுக்கொள்ளாமல் போய்விட்டாளோ? ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தோடு உட்காரும்போது இந்தக் கேள்விகளும் என்னோடு உட்காரும். அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஆபீஸ்காரர்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு தெருவில் மாடி போர்ஷன் எங்களுடையது. கணவருக்கு ஆராய்ச்சி மையத்தில் வேலை. காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆங்கிலம் எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அதனால்தான் கடற்கரைத் தெருவில் லாட்ஜ் வைத்திருந்தவர் என் கணவரிடம் என்னைப் பற்றிக் கேட்டார்.

அந்த லாட்ஜில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகளில் சிலர் கோயிலும் கடலும் பார்த்து முடித்த பிறகு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். லாட்ஜ்காரர் அதில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கி வேனில் ஏற்றுவார். அவர்களே கூட வந்து கருங்குழியைத் தாண்டி உள்ளே இருந்த காலனிகளில் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த வருடம் ஏரி காய்ந்துவிட்டது. நடவு இல்லை, அதனால் கூலியும் இல்லை. பேச்சை மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். சனிக்கிழமைதோறும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டை விட்டு வெளியே போக எனக்கிருந்த ஒரே காரணம் அதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பயணிகள் வருவார்கள், ஒரு சனிக்கிழமை வேனில் ஏறுவார்கள், போட்டோ எடுப்பார்கள், கோவாவுக்கோ கேரளாவுக்கோ போய்விடுவார்கள். இட்லி கொடுத்த அந்தப் பெண் மட்டும் போகவில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். வெயிலில் சிவந்த மூக்கு, கசங்கிய பருத்தி ஜிப்பா, காலில் ரப்பர் செருப்பு. காலனிப் பெண்களிடமிருந்தே தமிழைப் பொறுக்கிக்கொண்டாள். அதனால் அவள் பேசியது அவர்களுடைய தமிழ். "இன்னா சமையலு? கறியா?" என்று அவள் கேட்டால் தெருவே சிரிக்கும். நான் பார்த்துப் பார்த்துப் பேசுகிற தமிழுக்கு யாரும் சிரித்ததில்லை.

காலனியில் கைப்பம்புக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் அங்கே குரல் அதிகம். மூட்டை இறக்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதும் அவர்தான். என்னை 'மேடம்' என்பார். அவளை 'கண்ணு' என்பார்.

"தே கண்ணு, வா, இப்டி குந்து. வெயில்ல நின்னு கருத்துப் பூடப் போற" என்று அவளுக்குப் பலகையை எடுத்துப் போட்டுக் கொடுப்பார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க வேன்லயே இருங்க, இங்க தூசியா கீது" என்பார். மரியாதைதான். அந்த மரியாதையை எடுத்துக்கொண்டு அந்தப் பலகையை எனக்குத் தரமாட்டாரா என்று இருக்கும்.

இந்த நிலைமையில்தான் அந்த இட்லி விஷயம் நடந்தது. வேன் படியில் உட்கார்ந்து அவள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் தத்தி நடந்து அவள் முழங்காலைப் பிடித்தாள். அவள் ஒரு விள்ளலைப் பிய்த்து நீட்டினாள். பாதி கீழே உதிர்ந்தது. மீதிக்கு என் மகள் வாயைத் திறந்தாள். நான் கொண்டுபோயிருந்த டப்பாவில் நெய் விட்டுக் குழைத்த சோறு அப்படியே இருந்தது.

"நல்லாத்தானே துன்னுது," என்றார் பம்பு வீட்டு அக்கா. "வூட்ல இன்னா மேடம் குடுக்கிறீங்க?"

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அப்படியே. வாழைப்பழம், பன், ஒரு தடவை மிக்சர். எல்லாம் அவள் கையால்தான். திங்கட்கிழமை வீட்டில் நான் அதே பேக்கரி பன்னை வாங்கி, அவளைப் போலவே படியில் உட்கார்ந்து, அலட்சியமாக நீட்டிப் பார்த்தேன். மகள் சுவரைப் பார்த்தாள்.

மாமியார் வந்தவாசியில் இருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டருக்கு காட்டிகினு கீற, சரி. ஆத்தாளுக்கு வேண்டிகினியா?" என்றார். ஆடி பிறந்துவிட்டது, மடிப்பிச்சை எடுத்துக் கூழ் வார்த்துவிடு என்றார். என் ஊரில் கூழ் வார்க்கும் வழக்கம் கிடையாது, அதனால் விவரமாகச் சொன்னார். மஞ்சள் புடவை கட்டி, செருப்பில்லாமல், வீடு வீடாகப் போய் முந்தானையை ஏந்தி அரிசி வாங்க வேண்டும். நம் வீட்டு அரிசி உதவாது, கேட்டு வாங்கியதுதான் சேரும். பெற்றவள்தான் ஏந்த வேண்டும். மடியில் விழுந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வார்க்கிற அன்று வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஊற்றி முடிகிற வரை வேண்டிக்கொண்டவள் தானும் சாப்பிடக் கூடாது, தன் பிள்ளைக்கும் ஊட்டக் கூடாது.

எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று தெரியவில்லை. செய்யாமல் விட்டு, எடை ஏறாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருவில் ஆரம்பித்தேன். எல்லாம் வெளியூர்க் குடும்பங்கள். ஒரு வீட்டில் ஏதோ நன்கொடை என்று நினைத்துப் பத்து ரூபாய் நோட்டை நீட்டினார்கள். இன்னொரு வீட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. கீழே வீட்டுக்கார அம்மா மட்டும் ஓர் ஆழாக்கு போட்டார். அதை வைத்துக்கொண்டு யாருக்குக் கூழ் வார்ப்பது? சனிக்கிழமை மஞ்சள் புடவையிலேயே வேனில் ஏறினேன்.

காலனியில் விநியோகம் முடிகிற வரை காத்திருந்தேன். பிறகு செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு, பம்பு வீட்டு வாசலில் போய் முந்தானையை ஏந்தினேன். "ஆத்தாளுக்கு மடிப்பிச்சை" என்று சொல்ல வேண்டும். முந்தானையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"கொயந்தைக்கா?" என்றார். உள்ளே போய், சற்று முன் நாங்கள் கொடுத்த மூட்டையைப் பிரித்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். "எங்க ஆத்தா கோயில்லயே வார்த்துடு. அடுத்த ஞாயித்துக்கெழமை நாங்களும் ஊத்துறோம். தனியா எதுக்கு லோல்படுற?" பிறகு தெருவுக்குக் குரல் கொடுத்தார். "அடியே, மேடம் மடி ஏந்திகினு வருது. வெளிய வாங்கடி."

எல்லா வாசலிலும் நின்றேன். மடி கனத்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் வேன் அருகில் என் மகளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

திரும்பும் வழியில் என் தோளில் கை வைத்து, தணிந்த குரலில், ஆங்கிலத்தில் கேட்டாள். "ஏன் முன்னாடியே என்கிட்ட சொல்லல?"

நான் விளக்கினேன். இது வேண்டுதல், அம்மனுக்கு, குழந்தை சாப்பிடுவதற்காக. எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை, கணவருக்கு மத்திய அரசு வேலை. நல்ல ஆங்கிலத்தில்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் மெல்லத் தலையாட்டினாள். மானத்துக்கு அஞ்சி ஒருவர் மறைக்கும்போது கேட்பவர் ஆட்டுவாரே, அந்தத் தலையாட்டல். நான் இன்னும் அழுத்திச் சொன்னேன். அவள் இன்னும் கனிவாகத் தலையாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை வேன் வழக்கமாக நிற்கும் முனையில் நிற்காமல் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்தது. டிரைவர் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, "அக்கா, இத்த எங்க எறக்கறது? மேலயா?" என்றார். பின்னால் அவள் எண்ணெய் டின்னோடும் ஒரு பெரிய பிஸ்கட் பெட்டியோடும் வந்தாள்.

வீட்டுக்கார அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் இருந்தார். "இன்னாம்மா, உனுக்கு மட்டும் ரேசன் வூட்டுக்கே வருதா?" என்றார். மாடியிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார். "நம்மளயும் வறுமைக்கோட்டுக்குக் கீழ சேர்த்துட்டாங்களா? சொல்லவே இல்லையே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டைகூடப் பெரிதாக வலிக்கவில்லை. அவள் மனத்தில் ஓடிய கணக்குதான் வலித்தது. குழந்தைக்கு வீட்டில் சாப்பாடு இல்லை. அதனால்தான் என் கையால் அப்படிச் சாப்பிடுகிறது. இப்படித்தானே அவள் நினைத்திருக்கிறாள்? நான் அரைத்ததும் குழைத்ததும் ஆற்றியதும் எதுவுமே அவள் கணக்கில் இல்லை. என் மகளின் ஒவ்வொரு வாய்க்கும் அவள் காரணம் வைத்திருந்தாள். எனக்கு ஒன்றுக்குக்கூடக் காரணம் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் மகள் படியிறங்கி வந்து அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"மேலே வா" என்றேன். சமையலறைக்குக் கூட்டிப் போனேன். அரிசி டிரம்மைத் திறந்து காட்டினேன். பருப்பு, பால் பவுடர், பழம், நெய் ஜாடி, டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக், அடுப்பின் மேல் குழந்தைக்கென்று தனியாக வைத்திருந்த சின்னக் குக்கர். ஒவ்வொன்றையும் பார்த்தாள். பிறகு குக்கரைத் திறந்தாள். காலையில் வைத்த சோறு தொடாமல் இருந்தது.

அவள் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. "ஸாரி" என்றாள். குக்கரை மூடிவிட்டு, "அப்ப ஏன் சாப்பிட மாட்டேங்கிறா?" என்றாள்.

"தெரியாது" என்றேன். அதுவரை அந்தக் கேள்விக்கு நான் யாரிடமும் அப்படிப் பதில் சொன்னதில்லை. எப்போதும் ஏதாவது காரணம் சொல்வேன்.

மூட்டையைத் திருப்பி வேனில் ஏற்றச் சொன்னேன். ஏற்றுவதற்கு முன் நான் முந்தானையை ஏந்தி, "இதிலிருந்து ஒரு கை போடு. மற்றதெல்லாம் அங்கே கொண்டு போகலாம்" என்றேன். அவள் ஒரு கையோடு நிறுத்தவில்லை. அள்ளி அள்ளிப் போட்டாள். மடியில் விழுந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதால் ஏந்தியபடியே நின்றேன். என் வேண்டுதலிலும் இவள் பங்குதான் பெரிது என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலனிக் கோயிலில் கூழ் வார்த்தோம். என் அரிசியை நொய்யாக உடைத்து, அவர்களுடைய கேழ்வரகு மாவோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து மோர் விட்டுக் கரைத்திருந்தார்கள். பெரிய அண்டா. அகப்பையை என் கையில் கொடுத்தார் பம்பு வீட்டு அக்கா. "வேண்டிகினவதான் ஊத்தணும். கைய நிறுத்தாத" என்றார். மேடம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவளும் வந்திருந்தாள். வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓட வேண்டும் என்று அவளையும் வேலையில் இழுத்துவிட்டார்கள். மகளை யாரோ தூக்கிப் பிள்ளைகளோடு பந்தலுக்குள் உட்கார வைத்தார்கள். நான் ஊற்றிக்கொண்டே அங்கேயே பார்த்தேன். எனக்கு ஊட்ட அனுமதி இல்லை. காலை முழுக்க மகள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு கட்டத்தில், அந்தப் பெண்ணே போய் ஊட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. எனக்கே அது புதிதாக இருந்தது.

வரிசையில் ஒரு கிழவருக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது, மகள் இரண்டு கையாலும் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மூக்கு வரை தம்ளருக்குள் இருந்தது. கூழ் கழுத்தில் வழிந்து கவுனை நனைத்தது. எடுத்தாள், மூச்சு விட்டாள், மறுபடி கவிழ்த்துக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளை அதைப் பிடுங்கப் பார்த்தபோது முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்தாள்.

அவளும் அதைப் பார்த்துவிட்டாள். கீரைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், ஜிப்பா பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, உடைத்து நீட்டினாள். மகள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு பந்தல் கால் பக்கம் பார்த்தாள். அவள் இன்னொரு தடவை நீட்டினாள். பிறகு கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். வீட்டில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்த முகம்தான் இருந்திருக்க வேண்டும்.

எழுந்து என்னிடம் வந்தாள். "என்கிட்ட துன்ன மாட்டேங்குது" என்றாள்.

"என்கிட்டயும்தான்" என்றேன்.

"இன்னா ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீறீங்க," என்றார் பம்பு வீட்டு அக்கா. "பின்னாடி ஜனம் நிக்கிது பாரு. கண்ணு, நீ குடிச்சியா? போய் வரிசையில நில்லு."

அவள் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் கையை நிறுத்தாமல் ஊற்றினேன். அவள் முறை வந்தபோது சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள். விளிம்பு வரை ஊற்றினேன்.